சாத்தான்குளத்துக்கு என்ன செய்யுது?

ஓர் ஊரில் என்னென்ன சீக்கு இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அந்த ஊர் ஆஸ்பத்திரியின் ஓ.பி. நோட்டைப் புரட்டினால் போதும் என்பார்கள். சாத்தான்குளத்தில் புரட்டினாலும் எல்லா ஊரிலும் இருப்பதுதான் இருக்கும். காய்ச்சல், சளி, சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி, நாய்க்கடி. எந்த மாத்திரையை எவ்வளவு வாங்கி வைக்க வேண்டும் என்று முடிவு செய்ய அந்த நோட்டு உதவும். ஊரின் நோயைச் சொல்ல அது போதாது. அதில் இருப்பது வந்தவர்களின் நோய்.

வராதவர்கள் யார்? விடியுமுன் தேரிக்காட்டுக்குப் போய்விட்ட பனையேறி வரவில்லை. விடிலிக்குள் பதநீர் காய்ச்சிக்கொண்டிருக்கும் அவர் மனைவி வரவில்லை. சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண், சாயங்காலத்துக்குள் கணக்கை ஒப்படைக்க வேண்டும் என்பதால் வரவில்லை. மகன்மார் சென்னையிலும் மும்பையிலும் மளிகைக் கடை நடத்த, பூட்டிய வீடுகளுக்கு நடுவே தனியாக இருக்கும் ஆச்சி, கூட வர ஆளில்லாததால் வரவில்லை. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2021-லேயே ஆகிவிட்டது. ஆச்சிக்குத் தேவைப்படுவது டிக்கெட் அல்ல, படியேறும்போது கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள். இந்த நான்கு பேரின் உடம்பில் இருப்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது சாத்தான்குளத்தின் நோய்ப் பட்டியல். அதை எழுதும் வேலைக்குப் பொதுச் சுகாதாரத் துறையில் சமுதாய சுகாதாரத் தேவை மதிப்பீடு என்று பெயர். ஒரு வட்டாரத்தின் மருத்துவச் செலவு எதற்குப் போக வேண்டும் என்பதே இந்தப் பட்டியலைப் பொறுத்தது.

ஆற்றோரமும் தேரியும்

வெளியூர்க்காரர்களுக்கு நெல்லைச் சீமை என்றால் தாமிரபரணி, வாழைத்தோட்டம், நெல்வயல். 1986 அக்டோபரில் தூத்துக்குடி மாவட்டம் தனியாகப் பிரியும்வரை சாத்தான்குளமும் திருநெல்வேலி மாவட்டம்தான். ஆனால் ஸ்ரீவைகுண்டத்து வாய்க்கால் தண்ணீர் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. கருமேனியாறு மழை பெய்தால் ஓடும், இல்லாவிட்டால் மணல். சுற்றிலும் செம்மண் தேரி, உடைமரம், பனை. தாமிரபரணியின் வெள்ளநீரைச் சாத்தான்குளம், திசையன்விளை வறட்சிப் பகுதிகளுக்குக் கொண்டுவரும் தாமிரபரணி – கருமேனியாறு – நம்பியாறு இணைப்புக் கால்வாய் வேலை 2009-இல் தொடங்கியது. அந்தத் தண்ணீர் ஏன் வேண்டும் என்று கேட்டால் விவசாயத்துக்கு என்பார்கள். நான் அதைச் சுகாதாரக் கணக்கிலும் எழுதுவேன். தண்ணீர் இருந்தால் ஊரில் வேலை இருக்கும், வேலை இருந்தால் பிள்ளைகள் ஊரில் இருப்பார்கள், பிள்ளைகள் இருந்தால் ஆச்சியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் இருக்கும்.

ஆற்றோரத்து ஊருக்கும் தேரியோரத்து ஊருக்கும் உடம்பு ஒன்றல்ல. ஆனால் நம் மருத்துவ அமைப்பு இரண்டையும் ஒரே அளவுகோலால்தான் அளக்கிறது. நாட்டின் சுகாதார ஏற்பாட்டை ஆராய்ந்த போர் (Bhore) கமிட்டி 1946-இல் அறிக்கை கொடுத்த நாளிலிருந்து வளர்ந்து வந்த ஏற்பாட்டின்படி, சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். ஏழை நாட்டில் எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைக்க வேண்டும் என்றால் தலையை எண்ணித்தான் தொடங்க முடியும், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தலையை எண்ணி முடித்து இத்தனை காலம் ஆன பிறகும், அந்தத் தலைக்குக் கீழே உள்ள உடம்பு என்ன வேலை செய்கிறது என்று கேட்காமலே இருப்பதுதான் குற்றம்.

பனையிலிருந்து விழுந்த பிறகு

பனையேறியின் உடம்பைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். நெஞ்சிலும் முன்கைகளிலும் மரத்தை அணைத்து அணைத்துக் காய்த்துப்போன தோல். கால்களில் தளைநார் அழுத்திய தழும்பு. இடுப்பில் அரிவாள்பெட்டி, கையில் முருக்குத்தடி. முப்பது நாற்பது அடி உயர மரங்கள், ஒரு நாளைக்கு இருபது முப்பது, காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம். பாளை சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டி, நிறைந்த கலயத்தை இறக்க வேண்டும். மாசி, பங்குனியில் தொடங்கினால் ஆடி வரைக்கும் விடுப்பு கிடையாது. ஒரு நாள் சீவாவிட்டால் பாளை காய்ந்துவிடும். ஆகவே காய்ச்சல் இருந்தாலும் ஏறுவார்கள், தோள் வலித்தாலும் ஏறுவார்கள்.

ஆபத்து எது என்று அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். விழுந்தால் முதுகெலும்பு. விழுந்தவரைக் கண்டதும் பக்கத்துப் பனையில் இருப்பவர்கள் ஓடி வந்து, அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் அணைத்துப் பிடித்துக்கொண்டு பறப்பார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் எலும்பு மட்டும் முறிந்திருந்து தண்டுவடம் தப்பியிருந்தால், அந்தப் பயணத்திலேயே அது நசுங்கிப்போகலாம். தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி மூன்று நான்கு பேர் சேர்ந்து உருட்டி, ஒரு பலகையில் படுக்கவைத்து, கழுத்து அசையாமல் இருபுறமும் துணியைச் சுருட்டி அணைகொடுத்துத் தூக்க வேண்டும். இதைக் கற்றுக்கொடுக்க ஒரு மத்தியானம் போதும். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008-லிருந்து ஓடுகிறது. ஆனால் வண்டி போகாத தேரிக்குள்ளிருந்து தார்ச்சாலை வரைக்கும் அவரைச் சுமந்து வரப்போவது உடன் வேலை செய்கிறவர்கள்தான். பலகையும் பயிற்சியும் அங்கேதான் இருக்க வேண்டும்.

அதற்கப்புறம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். அறுவைச் சிகிச்சை இலவசம். உயிர் பிழைத்து வீடு திரும்புவார். இந்த இடத்தில்தான் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அவர் கதை முடிகிறது, வீட்டில் தொடங்குகிறது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். சிறுநீர்க் குழாயைச் சுத்தமாகக் கையாளத் தெரியாவிட்டால் தொற்று வந்து சிறுநீரகத்தைத் தொடும். தண்டுவடம் அடிபட்டவர்களின் உயிரைப் பின்னாளில் எடுப்பது பெரும்பாலும் இந்த இரண்டும்தான். மனைவி கருப்பட்டி காய்ச்சப் போக முடியாது, மகன் பள்ளிக்கூடத்தை விட்டுவிடுவான். இந்த வீட்டின் தேவை என்ன என்று எழுதினால் அதில் மருந்து கடைசியில்தான் வரும். காற்று மெத்தை, குழாய், தேரி மணலில் உருளக்கூடிய சக்கர நாற்காலி, வாசலில் ஒரு சரிவு, கழிப்பறையில் ஒரு கைப்பிடி, வாரம் ஒரு முறை வரும் பிசியோதெரபிஸ்ட், மகனுக்குப் பள்ளி.

நம் சீமையிலேயே இதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்கான உடற்பயிற்சியில் விழுந்து, கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தவர். தனக்கு என்ன தேவைப்பட்டதோ அதிலிருந்து தொடங்கியதால், மாற்றுத்திறனாளிகளை ஊர் ஊராகத் தேடிப் போகும் வேலை அங்கே வளர்ந்தது. 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சாத்தான்குளத்திலிருந்து ஆய்க்குடி ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். அந்த அனுபவத்தைத் தேரிக்குள் கொண்டுவர வேண்டுமென்றால் முதலில் ஒரு சாதாரணக் கேள்விக்கு விடை வேண்டும்: எந்தெந்த ஊரில், எந்தெந்த வீட்டில், பனையிலிருந்து விழுந்தவர்கள் படுத்திருக்கிறார்கள்?

அரசின் இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, தனியார் மருத்துவமனையானாலும் அரசு செலவில். மிக நல்ல திட்டம். சாலையில் எத்தனை பேர் சாகிறார்கள் என்ற கணக்கு காவல்துறையிடம் வருடாவருடம் இருந்ததால்தான் அப்படி ஒரு திட்டத்தைப் போட முடிந்தது. பனைக்கு அப்படி ஒரு கணக்கு எழுதப்பட்டால் அதுவும் பேசும்.

விடிலிப் புகை, பீடித் தூள்

பனையேறி இறக்கிய பதநீர் நேரே விடிலிக்குப் போகிறது. ஓலை வேய்ந்த குடிசை, நடுவில் அடுப்பு. காய்ந்த பனைமட்டையும் உடைமுள்ளும் எரியும். பதநீர் வற்றிப் பாகாகும் வரை அந்தப் பெண் நகர முடியாது. கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், பொங்கினால் தணிக்க வேண்டும், பதம் தப்பாமல் இறக்கிச் சிரட்டையில் ஊற்ற வேண்டும். மணிக்கணக்கில் புகை, மாதக்கணக்கில் புகை. வாழ்நாளில் ஒரு பீடி பிடித்திராதவருக்கும் ஐம்பது வயதில் இளைப்பு வரும். ஆஸ்பத்திரிக்கு வந்தால் சளி என்று எழுதப்படும், மாத்திரை கிடைக்கும், திரும்பவும் விடிலிக்குப் போவார். நுரையீரலின் திறனை அளக்க ஊதிப் பார்க்கும் ஒரு கருவி இருக்கிறது. அதைப் பதநீர்க் காலம் தொடங்குமுன் ஒரு தடவை, முடிந்த பின் ஒரு தடவை இந்தப் பெண்களிடம் ஊதச்சொல்லிப் பார்த்தால் என்ன தெரியும்? புகைபோக்கி வைத்த அடுப்பு ஒரு மருத்துவச் செலவு என்று எழுதிக்காட்ட அது போதுமான ஆதாரம்.

பீடிக்கு இரண்டு முனை. சுற்றுகிறவர் கையில் ஒரு முனை, பிடிக்கிறவர் வாயில் ஒரு முனை. நெல்லைப் பக்கத்தில் இரண்டும் ஒரே வீட்டில் இருப்பதுண்டு. இலை வெட்டித் தூள் நிரப்பிச் சுருட்டி நூல் கட்டும் பெண்களுக்கு முதுகு, கழுத்து, கண், இருமல். பிடிக்கிற ஆண்களுக்கு என்ன ஆகிறது என்பதைத் தமிழ்நாட்டிலேயே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள், அதுவும் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு அல்ல.

வீடு வீடாகப் போனால் தெரிவது

தொண்ணூறுகளின் கடைசியில் சென்னையிலும் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலும் இறந்துபோன பெரியவர்களின் வீடுகளுக்கு ஆட்கள் போனார்கள். பயிற்சி பெற்றவர்கள், ஆனால் மருத்துவர்கள் அல்ல. கடைசி நாட்களில் என்ன நடந்தது என்று குடும்பத்தாரை உட்காரவைத்துக் கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதினார்கள். அதைப் படித்து மருத்துவர்கள் இறப்பின் காரணத்தை முடிவு செய்தார்கள். வேந்தன் கஜலட்சுமியும் ஆக்ஸ்போர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் நடத்திய ஆய்வு அது. மொத்தம் 80,000 இறப்புகள். அரசுப் பதிவேட்டில் வயோதிகம் என்றும், காரணம் தெரியவில்லை என்றும் கிடந்த ஏராளமான சாவுகளுக்கு வீட்டுத் திண்ணையில் காரணம் கிடைத்தது. அந்த வேலையின் தொடர்ச்சியாக 2003-இல் லான்செட் இதழில் வந்த கட்டுரை, இந்திய ஆண்களின் காசநோய்ச் சாவுகளில் பாதிக்குப் புகைபிடித்தல் காரணம் என்றது. பீடி சுற்றும் மாவட்டம் ஒவ்வொன்றும் சுவரில் எழுதி வைக்க வேண்டிய கணக்கு இது.

இன்னொன்று, வேலூர் கணியம்பாடி வட்டாரம். சி.எம்.சி. மருத்துவமனையின் சமுதாய நலத் துறை ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்களைப் பல ஆண்டுகளாக வீடு வீடாகப் பின்தொடர்ந்து வந்தது. பிறப்பு, இறப்பு எதுவும் விடுபடாது. 1992 முதல் 2001 வரை 10 வயதிலிருந்து 19 வயதுக்குள் இறந்த பிள்ளைகளை எடுத்துப் பார்த்தார்கள். பெண் பிள்ளைகளில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 148 தற்கொலைகள், ஆண் பிள்ளைகளில் 58. அந்த வயதுப் பெண் பிள்ளைகளின் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. 2004-இல் இது வெளிவந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. நான் யோசிப்பது வேறு. ஒரு நோட்டு எழுதும் வழக்கம் இல்லாதிருந்தால் அந்தப் பிள்ளைகள் வயிற்றுவலி என்றும், தவறுதலாக மருந்து குடித்துவிட்டாள் என்றும் ஊருக்குள்ளேயே அடங்கிப்போயிருப்பார்கள். இதைப் பற்றிக் கேளுங்கள் என்று எந்தத் தாயும் கிராம சபையில் எழுந்து நின்று சொல்ல மாட்டாள். மக்கள் வாய்விட்டுக் கேட்காத தேவைகளும் இருக்கின்றன, அவற்றை எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். (மனம் உடைந்திருக்கும் யாரும் 104 அல்லது 14416 எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.)

பிரசவத்தில் தமிழ்நாடு எப்படி ஜெயித்தது என்பதை நினைத்துப் பாருங்கள். கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் பெயர் இருந்தது. பெயர் சொல்லித் தேடினார்கள். இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். தேடிப் போனால் நடக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பையில் இருக்கும் இரண்டு கருவிகள்

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில், வீட்டுக்கே வந்து மருத்துவம் பார்க்கும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. அதற்குமுன் 2020-இல் தமிழ்நாடு முழுவதும் தொற்றாநோய்களைப் பற்றி நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வு சொன்னது இது: ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருக்கிறது, சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்குத்தான். இவ்வளவு மருத்துவமனைகள் உள்ள மாநிலத்தில் இந்த எண்கள். ஓர் ஆய்வு நேராக ஒரு திட்டமாக மாறியதற்கு நல்ல உதாரணம் இது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலிதணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டிலேயே தருவதும் இதில் சேர்ந்திருக்கிறது. நான் மேலே சொன்ன பனையேறியின் வீட்டுக்கு வழி இங்கே திறக்கிறது.

இப்படித் தேடிப் போவது புதிதல்ல. வேல்ஸ் நாட்டில் கிளின்கோரக் என்ற சுரங்கத் தொழிலாளர் ஊரில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டாக்டர் இருந்தார். காய்ச்சலுக்கு வந்தாலும் கட்டுப் போட வந்தாலும் ஒவ்வொருவருக்கும் பிரஷர் பார்த்தார், வராதவர்களைத் தேடிப் பார்த்தார். நல்ல மருத்துவம் அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-இல் அவர் எழுதினார். சுரங்க ஊரில் பார்த்ததை வைத்துச் சொன்னது, தேரிக்கு அப்படியே பொருந்துகிறது.

ஆனால் மக்களைத் தேடி வரும் தன்னார்வலரின் பையில் பிரஷர் கருவியும் சர்க்கரை பார்க்கும் கருவியும் இருக்கின்றன. அவை இரண்டும் அளப்பது இரண்டை மட்டும். தவிர, அவர் வீட்டுக்கு வரும் நேரம் பகல். பதநீர்க் காலத்தில் அந்த நேரம் வீட்டில் யார் இருப்பார்கள்? ஏறுகிறவர் காட்டில், காய்ச்சுகிறவர் விடிலியில். வீடு பூட்டியிருந்தது என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவதைத் தவிர அவரால் என்ன செய்ய முடியும்? இது அந்தத் தன்னார்வலரின் குறையல்ல. கணக்கெடுப்பைச் சென்னையில் திட்டமிடும்போது யாரும் பனைப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதில்லை. கணக்கு எடுக்கும் மாதமும் மணியும் மாறினால் கணக்கில் வருகிற ஆளும் மாறிவிடுகிறார்.

கேட்கும் விதம்

"அண்ணாச்சி, ஒடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்கு. ஏறுதேன், எறங்குதேன்" என்று பதில் வரும். படிவத்தில் நோய் இல்லை என்று குறிக்கப்படும். "ராத்திரி எந்தப் பக்கம் புரண்டா வலிக்கு?" என்று கேட்டால், "ரெண்டு பக்கமுந்தான்" என்பார். அப்புறம் தோள்பட்டை, இடுப்பு, கரண்டைக்கால் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

"ஆச்சி, மாத்திரை போடுதியளா?" என்றால், "போடுதேன் தாயி." "டப்பாவக் காட்டுங்க பாப்போம்" என்றால் பிரிக்காத அட்டைகள். போட்டால் கிறுகிறுப்பு வருகிறது, விழுந்தால் தூக்க ஆளில்லை, அதனால் போடவில்லை. அவர் செய்வது அறியாமையா? தனியாக இருப்பவரின் கணக்கு அது, சரியான கணக்குத்தான். தமிழ்நாட்டில் 60 வயது தாண்டியவர்கள் 2011 கணக்கெடுப்பிலேயே நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். பிள்ளைகள் வெளியூர் போன இந்தச் சீமையில் ஆச்சியின் தனிமையை ஒரு நோயாகவே எழுதலாம்.

சி.எம்.சி.யில் படித்த ராஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே தம்பதி 1970-இல் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடுக்கு மருத்துவம் செய்யப் போனார்கள். ஊர் மக்கள் அவர்களிடம் முதலில் வைத்த கோரிக்கை சோறும் தண்ணீரும். பஞ்சகாலம் அது. டாக்டர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. கிணறு தோண்டுவதிலிருந்து தொடங்கினார்கள், பிறகு எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கே மருத்துவப் பயிற்சி கொடுத்தார்கள். ஊர் சொல்வதைக் கேட்டுவிட்டு, தானும் எண்ணிப் பார்த்து, இரண்டையும் பக்கத்தில் வைப்பதுதான் முறை. பிரிட்டனில் ஜோனதன் பிராட்ஷா 1972-இல் தேவையைப் பற்றி எழுதியதும் கிட்டத்தட்ட இதுதான். வல்லுநர் சொல்லும் தேவை ஒன்று, மக்கள் மனத்தில் உள்ளது ஒன்று, வாசலில் வந்து கேட்பது ஒன்று, பக்கத்து ஊருக்குக் கிடைத்து இந்த ஊருக்குக் கிடைக்காதது ஒன்று. ஒன்றை வைத்து மற்றொன்றை அடித்துவிடக் கூடாது.

உதாரணமாக, இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் உப்புத் தண்ணீரால்தான் கிட்னியில் கல் என்பார்கள். டாக்டர் சிரிப்பார். வெயிலில் உடம்பிலுள்ள நீரெல்லாம் வியர்வையாய்ப் போக, போதுமான தண்ணீர் குடிக்காமலிருந்தால் கல் வரும் என்பார். இருவரையும் சேர்த்துக் கேட்டால் விஷயம் விளங்கும். உவர்க்கிற தண்ணீரை யார் வயிறு நிறையக் குடிப்பார்கள்? காட்டில் வேலை செய்கிறவருக்கு நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கிறது என்பதுதான் அங்கே கேட்க வேண்டியது.

கிராமங்களில் இப்படிக் கேட்பதற்கு ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஊர்ப் பெண்களைக் கூட்டி, கோலப்பொடியால் தரையில் ஊரின் படத்தை வரையச் சொல்வார்கள். தெரு, கிணறு, கோயில், சர்ச், ரேஷன் கடை. பிறகு, நடக்க முடியாதவர் உள்ள வீட்டில் ஒரு புளியங்கொட்டை, இளைப்பு உள்ள வீட்டில் ஒரு சோளம், தனியாக இருக்கும் முதியவர் வீட்டில் ஒரு கூழாங்கல். ஒரு மணி நேரத்தில் எந்தக் கணினியிலும் இல்லாத பட்டியல் தரையில் இருக்கும். 2023 டிசம்பர் 17, 18-இல் பேய்மழை கொட்டி, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவான அந்த நாட்களில், இன்சுலின் போடுகிறவர் எந்தத் தெருவில், டயாலிசிஸ் செய்கிறவர் எந்த வீட்டில், மாதம் நிறைந்த பெண் எந்த ஊரில் என்று ஒரு தாளில் இருந்திருந்தால் படகுக்கு வழி தெரிந்திருக்கும்.

பாம்புக்கடியும் இப்படித் தாளில் ஏறாத ஒன்றுதான். மணல்காட்டில் சுருட்டை விரியன் உண்டு. இருட்டில் வெறுங்காலுடன் நடக்கிற வேலை. கடிபட்டு மருத்துவமனைக்கு வராமலே இறந்தவர் எந்தப் பதிவிலும் இல்லை. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டியவற்றில் சேர்த்தது நல்ல தொடக்கம்.

சாத்தான்குளத்தில் கேட்கும்போது இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2020 ஜூன் 19 அன்று காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே தாக்கப்பட்ட தந்தையும் மகனும் மறுநாள் இந்த ஊர் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவரப்பட்டார்கள். சிறைக்கு அனுப்பலாம் என்று இங்கேதான் சான்று தரப்பட்டது. கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போன இருவரும் 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து இறந்தார்கள். மருத்துவர் யாருக்கும் அஞ்சாமல் கண்டதைக் கண்டபடி எழுத முடிய வேண்டும் என்பதும் ஓர் ஊரின் சுகாதாரத் தேவை. படிவத்தோடு வருகிறவரிடம் ஊர் மனம்விட்டுப் பேசுமா என்பது அதைப் பொறுத்திருக்கிறது.

பட்டியல் யார் கையில்

எண்ணிவிட்டு எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள் என்பதுதான் ஆய்வுகள் மீது ஊர்க்காரர்களின் மனத்தாங்கல். நியாயமான மனத்தாங்கல். எழுதிய பட்டியலை அந்த ஊரிலேயே வாசித்துக் காட்ட வேண்டும், அதில் இல்லாததை ஊர் சேர்க்க வேண்டும். அதற்கான ஏற்பாடுகள் காகிதத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. ஊராட்சி தோறும் கிராம சுகாதாரம், துப்புரவு, ஊட்டச்சத்துக் குழு உண்டு. அதற்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் கட்டற்ற நிதி. சிறிய தொகைதான், ஆனால் விழுந்தவரைத் தூக்கும் பலகை வாங்க அது மிச்சம். பெரிய தேவைகளை மாவட்ட சுகாதாரப் பேரவைக்குக் கொண்டுபோகலாம்.

சாத்தான்குளம் பேரூராட்சியைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் இந்தப் பட்டியலைப் பனைக்காரர்களைக் கொண்டே தொடங்கலாம் என்பது என் யோசனை. விழுந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் வீட்டில் படுத்திருப்பவர்கள் யார், புகையில் இளைப்பு வந்த பெண்கள் யார், பாம்பு கடித்தவர்கள் யார், ராத்திரி யாரும் துணையில்லாமல் தூங்கும் முதியவர்கள் யார். ஐந்து கேள்விதான். கிராம சுகாதார செவிலியரும் மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலரும் ஊருக்கு இரண்டு பனையேறிகளும் சேர்ந்தால் எழுதிவிடலாம். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. வாசித்துக் காட்ட அக்டோபர் 2-ஆம் தேதிக் கூட்டம் தோதானது. ஆடி கழிந்து பாளையெல்லாம் ஓய்ந்திருக்கும், ஏறுகிறவர்கள் ஊரில் இருப்பார்கள்.